டில்லியில் என்ன பார்த்தீர்கள்?

டில்லிக்குப் போய் வராத வியாபாரி இன்று நம் சமுதாயத்தில் குறைவு. சதர் பஜாரில் சரக்கு, சாந்தினி சவுக்கில் துணி, கரோல் பாக்கில் உதிரிச் சாமான் என்று வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ரயில் ஏறுகிறவர்கள் நம்மில் ஏராளம். படிப்புக்காகப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தப்லீக் மர்கஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேரணி, மாநாடு, ஆர்ப்பாட்டம் என்று கொடி பிடித்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தவர்களிடம், "டில்லியில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், ஜும்ஆ மஸ்ஜித் எதிரே சாப்பிட்ட நிஹாரி! இதற்கு மேல் பதில் வராது. கைப்பேசியில் நூறு படங்கள் இருக்கும். எந்தப் படத்துக்கும் பின்னால் ஒரு செய்தி இருக்காது.

இன்னும் ஆழமாகக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒரு சாரார் நெஞ்சை நிமிர்த்துவார்கள்: "எல்லாம் நம்ம ஆளுங்க கட்டினது பாய்! எண்ணூறு வருஷம் ஆண்டோம்!" இன்னொரு சாரார் உதட்டைப் பிதுக்குவார்கள்: "கப்ருக்கு மேலே கட்டடம், ராஜாக்களின் ஆடம்பரம். இதில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் துன்யா!"

முதலாமவருக்கு மார்க்கம் தெரியவில்லை. இரண்டாமவருக்கு அரசியல் தெரியவில்லை. இந்த இரண்டு அறியாமைக்கும் நடுவில்தான் நம் தலைமுறையின் வரலாறு களவாடப்படுகிறது.

பயணம் செய்யச் சொன்னவன் அல்லாஹ்

பூமியில் பயணம் செய்யுங்கள், உங்களுக்கு முன் வாழ்ந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என்ற கருத்தை திருக்குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது (6:11, 29:20, 30:9). பூமியை உழுது, கட்டடங்கள் எழுப்பி, நம்மைவிட வலிமையாக வாழ்ந்தவர்களைப் பற்றி அது பேசுகிறது. எனவே பழைய சின்னங்களைப் பார்ப்பது வீண் வேலை என்று சொல்ல மார்க்கத்தில் இடமில்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் ஒழுங்கு இருக்கிறது.

தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அந்த இடத்துக்குள் நுழையாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). கப்ருகளைச் சந்திக்க அனுமதித்தபோதும் அது மரணத்தை நினைவூட்டும் என்றே காரணம் சொன்னார்கள். அதே நபி (ஸல்) அவர்கள்தான் கப்ரைப் பூசுவதையும் அதன் மீது கட்டடம் எழுப்புவதையும் தடுத்தார்கள் (முஸ்லிம்).

இந்த அளவுகோலோடு டில்லிக்குள் நுழையுங்கள். ஹஸ்ரத் நிஜாமுத்தீன் ரயில் நிலையத்துக்கு அருகில் ஹுமாயூனின் கல்லறை வானளாவி நிற்கிறது. 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கட்டடம். அதைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து நிஜாமுத்தீன் பஸ்திக்குள் போனால், ஷாஜஹானின் மகள் ஜஹானாராவின் கப்ரு இருக்கிறது. 1681-ல் இறந்தவர். கப்ருக்கு மேலே கூரை இல்லை, மண்ணும் புல்லும்தான். இத்தனைக்கும், இன்று நம் வியாபாரிகள் சரக்குப் பிடிக்கும் சாந்தினி சவுக் கடைவீதியை 1650-ல் அமைக்கச் செய்தவரே இந்தப் பெண்மணிதான். வெளியூர் வணிகர்கள் தங்குவதற்கு அங்கே ஒரு சராயையும் கட்டி வைத்தார்.

கடைவீதியைத் தந்தவர் தன் கப்ருக்குக் கூரை வேண்டாம் என்று விட்டார். ஆட்சியை ஒருமுறை பறிகொடுத்து மீட்ட மன்னருக்கோ அரண்மனை போன்ற கல்லறை! எது சுன்னத்துக்கு நெருக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெயர்தான் படிப்பினை.

மன்னர்களின் கணக்கு நம் தலையில் இல்லை

குதுப்மினார் 72.5 மீட்டர் உயரம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அதன் பக்கத்திலிருக்கும் குவ்வதுல் இஸ்லாம் மஸ்ஜிதில் 27 கோயில்களின் கற்கள் பயன்படுத்தப்பட்டன என்று அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது. இதைச் சொல்லி நம் இளைஞனைக் கல்லூரியில் மடக்குகிறார்கள். அவனும் திணறுகிறான், அல்லது கல்வெட்டே பொய் என்கிறான்.

ஏன் திணற வேண்டும்? மடங்களும் ஆலயங்களும் யூத வழிபாட்டிடங்களும் மஸ்ஜிதுகளும் இடிக்கப்படாமல் பாதுகாக்கப்படுவதை அல்லாஹ்வின் அருளாக எடுத்துச் சொல்கிறது குர்ஆன் (22:40). அதற்கு மாறாக ஒரு மன்னன் நடந்தால் அது அவனுடைய அரசியல். அந்தச் சமுதாயம் சென்றுவிட்டது. அது சம்பாதித்தது அதற்கு, நீங்கள் சம்பாதித்தது உங்களுக்கு, அவர்கள் செய்ததைப் பற்றி நீங்கள் விசாரிக்கப்பட மாட்டீர்கள் என்பதுதான் 2:134 வசனம் நமக்குத் தரும் தீர்ப்பு. அல்லாஹ்வே விசாரிக்க மாட்டான் எனும்போது, சங்பரிவார் யார் நம்மை விசாரிக்க?

இதற்கு மறுபக்கமும் உண்டு. மன்னனின் பாவத்துக்கு நாம் வாரிசு இல்லை என்றால், அவனுடைய பெருமைக்கும் நாம் வாரிசு இல்லை. குமரியில் மீன்பிடிப்பவனும், வாணியம்பாடியில் தோல் பதனிடுபவனும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரியும் முகலாயரின் பேரப் பிள்ளைகள் அல்லர். டில்லிச் சுல்தானின் அமைச்சர் பதவியையோ ஜாகீரையோ நம் முன்னோர் அனுபவித்ததும் இல்லை. "எண்ணூறு வருஷம் ஆண்டோம்" என்று மார்தட்டுகிற தம்பி, எதிரி வெட்டி வைத்த குழியில் தானே போய் விழுகிறான். ஆண்டவர்கள் அவர்கள். கல் சுமந்தவர்கள் இந்த நாட்டின் எல்லாச் சாதி, மத உழைப்பாளிகள். ஆகவே செங்கோட்டை நம் குடும்பச் சொத்தும் இல்லை. அந்நியன் விட்டுப்போன சொத்தும் இல்லை. இந்த நாட்டின் சொத்து. அதில் நமக்கும் சம பங்கு உண்டு. நாம் பேச வேண்டிய மொழி இதுதான்.

செங்கோட்டை இரண்டு வழக்குகளின் சாட்சி

செங்கோட்டைக்குள் போகிறவர்கள் மயிலாசனம் எங்கே இருந்தது என்று தேடுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்றைத் தேடுங்கள். 1857 செப்டம்பரில் டில்லி விழுந்தது. ஹுமாயூன் கல்லறையில் தஞ்சம் புகுந்திருந்த முதிய பேரரசர் பஹதூர் ஷா ஜஃபரை ஹட்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரி சிறைப்பிடித்தான். மறுநாள் இளவரசர்கள் மூவரை வழியிலேயே சுட்டுக் கொன்றான். அந்த இடம் இன்றும் கூனி தர்வாசா, இரத்த வாசல் என்று அழைக்கப்படுகிறது. 1858 ஜனவரி 27-ல் இதே செங்கோட்டையின் திவானே காஸ் மண்டபத்தில் ஜஃபர் மீது விசாரணை தொடங்கியது. சொந்த வீட்டில், சொந்த அரசவையில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார்! ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862 நவம்பர் 7-ல் அங்கேயே இறந்தார். மெஹ்ரவ்லியில் உள்ள ஜஃபர் மஹலில் முன்னோரின் கப்ருகளுக்கு நடுவே தனக்காக அவர் விட்டு வைத்த இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. டில்லியில் பார்க்க வேண்டிய நினைவிடங்களில் ஒன்று அந்தக் காலி இடம்.

இரண்டாவது வழக்கு 1945 நவம்பரில் அதே செங்கோட்டையில் தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் மூவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்: ஷாநவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். நேதாஜி தன் படையோடு 1943-ல் ரங்கூனில் மரியாதை செலுத்தியது யார் கப்ருக்கு? ஜஃபரின் கப்ருக்கு! மலேயாவிலும் பர்மாவிலும் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். டில்லி நமக்குத் தூரம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பள்ளிவாசல்கள் ஏலம் போன காலம்

1857-க்குப் பிறகு டில்லிப் பள்ளிவாசல்களுக்கு நேர்ந்த கதி நம் பேச்சாளர்களுக்கே சரியாகத் தெரியாது. ஜும்ஆ மஸ்ஜிதில் ஆங்கிலேயரின் படை முகாமிட்டது. தொழுகை நின்றது. 1862-ல்தான் முஸ்லிம்களிடம் திரும்ப வந்தது. ஜீனத்துல் மஸாஜித் ரொட்டி சுடும் கூடமானது. சாந்தினி சவுக்கின் மேற்குக் கோடியில் இருக்கும் ஃபதேபூரி மஸ்ஜிதை அரசாங்கம் விற்றது. லாலா சுன்னாமல் என்ற பெரும் வணிகர் 19 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் இடித்துக் கடை கட்டவில்லை. பள்ளிவாசலை அப்படியே காத்து வைத்தார். 1877-ல் அது மீண்டும் முஸ்லிம்களிடம் வந்தது.

வியாபாரிகளே, சரக்கு எடுக்கப் போகும்போது ஃபதேபூரியில் லுஹர் தொழுதிருப்பீர்கள். அந்தப் பள்ளியை இருபது வருடம் காப்பாற்றித் தந்தது ஓர் இந்து வணிகரின் நேர்மை என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள்.

அக்பராபாதி மஸ்ஜிதுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஷாஜஹானின் மனைவி ஒருவர் கட்டிய அந்தப் பள்ளி 1857-க்குப் பிறகு தரைமட்டமாக்கப்பட்டது. பின்னாளில் அந்தப் பகுதி பூங்காவானது. இன்று அதன் பெயர் சுபாஷ் பூங்கா. 2012-ல் மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டியபோது மண்ணுக்கடியில் பழைய சுவர்கள் வெளிப்பட்டன. அங்கே அவசரப்பட்டுக் கட்டுமானம் எழுப்பினார்கள். உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஆர்வம் இருந்தது. ஆவணமும் திட்டமும் இல்லை. நம் சமுதாயத்தின் பழைய வியாதி இது.

பிர்லா மாளிகையும் மெஹ்ரவ்லியும்

ராஜ்காட்டுக்குப் போகிறவர்கள், காந்தியடிகள் கொல்லப்பட்ட பழைய பிர்லா மாளிகைக்கும் போக வேண்டும். இன்று அது காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 13-ல் அவர் அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். ஆக்கிரமிக்கப்பட்ட பள்ளிவாசல்களைத் திருப்பித் தர வேண்டும், முஸ்லிம்கள் டில்லியில் அச்சமின்றி நடமாட வேண்டும், மெஹ்ரவ்லியில் குத்புத்தீன் பக்தியார் காக்கி அவர்களின் உரூஸ் தடையின்றி நடக்க வேண்டும் என்பவை அவரது நிபந்தனைகளில் சில. உரூஸ் மார்க்கத்தில் உண்டா என்பது நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதில் என் கருத்து இந்த ஏட்டின் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் அதை நடத்தும் உரிமை பறிக்கப்படக் கூடாது என்று ஓர் இந்துப் பெரியவர் உயிரைப் பணயம் வைத்தார். ஜனவரி 27-ல் மெஹ்ரவ்லிக்கே நேரில் போனார். மூன்றாம் நாள், ஜனவரி 30-ல், கோட்சே சுட்டான்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1947 அக்டோபரில், ஜும்ஆ மஸ்ஜிதில் நின்று மௌலானா ஆஸாத், மூட்டை கட்டிக் கொண்டிருந்த டில்லி முஸ்லிம்களிடம் எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பள்ளிக்கும் செங்கோட்டைக்கும் இடையில்தான் அவர் அடக்கமாகியிருக்கிறார். பெரிய கட்டடம் இல்லை. கூட்டமும் இல்லை. எதிரே மீனா பஜாரில் மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் உள்ளே ஐந்து நிமிடம் போய் ஸலாம் சொல்வதில்லை.

தேசபக்திச் சான்றிதழ் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தடுமாறும் தம்பிகள், இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்துக்குப் போக வேண்டும். அங்கே சுமார் 26 ஆயிரம் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் சிலை வரிசையில், 1965 போரில் டாங்கிகளைத் தகர்த்து உயிர் நீத்த ஹவில்தார் அப்துல் ஹமீது நிற்கிறார். பிரிவினையின்போது இந்திய இராணுவத்தைத் தேர்ந்தெடுத்து 1948 ஜூலையில் காஷ்மீர்ப் போர்முனையில் ஷஹீதான பிரிகேடியர் முஹம்மது உஸ்மான், ஜாமிஆ மில்லியா அருகேயுள்ள மையவாடியில் அடங்கியிருக்கிறார். சான்றிதழ் கேட்பவனை அங்கே அழைத்துப் போங்கள்.

பெயர் போகிறது, பின் இடமும் போகிறது

2015-ல் ஔரங்கசீப் சாலையின் பெயரை மாற்றினார்கள். புதிய பெயர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம்! ஒரு முஸ்லிம் பெயரை எடுக்க இன்னொரு முஸ்லிம் பெயரையே கருவியாக்கிய சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நல்ல முஸ்லிம் யார், கெட்ட முஸ்லிம் யார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அன்று அவர்கள் கையில் எடுத்தார்கள். 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் முகலாயத் தோட்டம் அம்ரித் உத்யான் ஆனது. அந்தத் தோட்டத்தை அமைத்தது முகலாயர் அல்லர். லுட்யன்ஸ் என்ற ஆங்கிலேயர். நீரோடைகளால் பிரிக்கப்பட்ட நாற்பங்குத் தோட்ட அமைப்பை அவர் முகலாயரிடம் கற்றுக் கொண்டார் என்பதற்கான நன்றிதான் அந்தப் பெயர். ஓடைகள் இன்றும் அப்படியே ஓடுகின்றன. நன்றியை மட்டும் அழித்துவிட்டார்கள். அதே 2023-ல் 12-ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயமும் நீங்கியது.

பெயர்தானே என்று இருந்தோம். 2024 ஜனவரி 30 அதிகாலையில் மெஹ்ரவ்லியில் அகூஞ்சி மஸ்ஜிதை டில்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. பல நூற்றாண்டுப் பழமையான பள்ளி. பக்கத்திலிருந்த மதரஸாவும் கப்ருகளும் போயின. சஞ்சய் வனம் என்ற பசுமைப் பகுதியில் ஆக்கிரமிப்பை அகற்றினோம் என்பது ஆணையம் சொன்ன காரணம். அந்த ஆணையம் பிறந்தது 1957-ல். பள்ளிவாசலோ 1920-ஆம் ஆண்டின் தொல்லியல் பட்டியலிலேயே இடம் பெற்றது. இதில் யார் யாருடைய இடத்தில் ஆக்கிரமிப்பாளர்? இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளிவாசல்களுக்காகப் பட்டினி கிடந்து, அதே மெஹ்ரவ்லிக்கு நேரில் வந்த காந்தியடிகள் கொல்லப்பட்டதும் ஒரு ஜனவரி 30-ல்தான்!

1857-க்குப் பின் அக்பராபாதி. 2024-ல் அகூஞ்சி. அங்கே பூங்கா, இங்கே வனம். இடித்த கை மாறியிருக்கிறது, பாணி மாறவில்லை.

இப்போது சட்டமும் சேர்ந்து கொண்டது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக இருந்த இடத்தை வக்ஃபு என்று அறிவித்திருந்தால் அந்த அறிவிப்பு செல்லாது என்கிறது 2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம். காலம் காலமாகத் தொழுது வருவதாலேயே ஓர் இடம் வக்ஃபு ஆகும் என்ற வழியையும் இனிமேலுக்கு அது மூடிவிட்டது. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவு சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது; இந்த இரண்டையும் நிறுத்தவில்லை.

என்ன செய்யப் போகிறோம்?

இளைஞர்களுக்கு: போகுமுன் ஒரு வாரம் படியுங்கள். நாலு பேராகப் போங்கள். ஆளுக்கு ஓர் இடத்தைப் படித்து வந்து அந்த இடத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். திரும்பியதும் ஊர் ஜமாஅத்தில் அரைமணி நேரம் பேசுங்கள். லோதி பூங்காவில் 1494-ல் கட்டிய பள்ளி இருக்கிறது. சுவரெங்கும் குர்ஆன் வசனங்கள். அந்தச் சுவரில் ஆணியால் பெயர் கிறுக்குகிறவர்களில் நம் பையன்களும் இருந்தால் அது எவ்வளவு பெரிய கேவலம்! கப்ருகளில் கையேந்திக் கேட்காதீர்கள். கப்ராளிகளுக்காக அல்லாஹ்விடம் துஆ கேளுங்கள். தொழுகை நிறுத்தப்பட்ட சின்னங்களில் திடீரெனப் பாய் விரித்துப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். அது உங்களுக்கு ஐந்து நிமிடப் புகழ். அந்த ஊர் முஸ்லிமுக்கு ஐந்து வருட வழக்கு. குதுப் வளாகத்து முகலாயப் பள்ளியில் 2022 மே மாதம் நிறுத்தப்பட்ட தொழுகைக்காக அந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். அதுதான் வழி.

வியாபாரிகளுக்கு: ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சவுக்கும் சதர் பஜாரும் அடைப்பு. லாட்ஜில் படுத்துத் தூங்காதீர்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். மகனைக் கூட்டிப் போயிருந்தால் அவனுக்கு அந்த ஒரு நாளைக் கொடுங்கள். உங்கள் ஊரிலிருந்து வருடத்துக்குப் பத்து மாணவர்கள், முஸ்லிம் அல்லாத பிள்ளைகளையும் சேர்த்து, டில்லி பார்த்து வர ரயில் கட்டணம் கொடுங்கள். லாலா சுன்னாமலின் கதையை ஃபதேபூரியில் நின்று கேட்ட பிள்ளையிடம் எந்த வெறுப்புப் பிரச்சாரமும் எளிதில் எடுபடாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: டில்லியில் நடந்தது நம் ஊருக்கு வராது என்று எந்த முத்தவல்லியும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். உங்கள் பள்ளிவாசல் எந்த ஆண்டு கட்டியது? சர்வே எண் என்ன? அரசிதழ் அறிவிப்பு எங்கே? மையவாடியின் நான்கு எல்லை எது? வாசலில் இருக்கும் அரபிக் கல்வெட்டையோ அரபுத் தமிழ்க் கல்வெட்டையோ படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் அந்தக் கல்வெட்டை உடைத்து டைல்ஸ் ஒட்டியவர்கள் நாமே அல்லவா? கல்வெட்டைப் படம் எடுங்கள். பத்திரத்தை நகல் எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். புதிய சட்டம் கேட்கும் பதிவில் விடுபட்டது உண்டா என்று வழக்கறிஞரை வைத்துச் சரி பாருங்கள். சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நிற்போம். அதே நேரத்தில் பெட்டியில் ஆவணத்தையும் தயாராக வைப்போம்.

சகோதரர்களே! பூமியில் பயணம் செய்தும் படிப்பினை பெறாதவர்களைப் பற்றிக் குர்ஆன் பேசும்போது, அவர்களின் கண்கள் குருடாகவில்லை, நெஞ்சுக்குள் இருக்கும் இதயங்களே குருடாகிவிட்டன என்ற கருத்தைச் சொல்கிறது (22:46). குமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி, மூன்று நாள் அலுப்போடு நிஜாமுத்தீனில் இறங்குகிற நாம், கண்ணை மட்டும் கொண்டு போய்க் கண்ணை மட்டும் கொண்டு வந்தால் அந்தப் பயணத்தால் யாருக்கு என்ன லாபம்? அடுத்த முறை இதயத்தையும் எடுத்துப் போங்கள். திரும்பி வரும்போது, டில்லியில் என்ன பார்த்தீர்கள் என்று ஊர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.